எஞ்சினுக்குக் காய்ச்சல் பார்க்கும் சின்னப் பித்தளை



உங்கள் லயத்து வாசலில் இன்று எத்தனை கார்கள் நிற்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரை வீட்டுக் கார் ஒன்றுதான். கிராணியார் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் அதுவே பெரிய காரியம். இன்று பழைய சாகா, வீரா, கஞ்சில், மைவி என்று கைமாறி வந்த வண்டியாவது பல வீடுகளில் நிற்கிறது.

அந்தக் கார் ஆடம்பரத்துக்கு வாங்கியதன்று. செம்மண் சடக்கைத் தாண்டி உள்ளே வராத பேருந்துக்காக யார் காத்திருப்பது? பிள்ளைத்தாய்ச்சியை இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்தக் கார்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நால்வரை ஒன்றாக ஏற்றிச் செல்வதும் அதுதான். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினாலும் உடம்பு தாங்காது. அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் கார் நின்றால் எல்லாமே நின்று போகும்.

அந்தக் காரில் சுண்டுவிரல் அளவு ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் விலை சில பத்து வெள்ளிதான். ஆனால் அது கெட்டுப்போனதை அறியாமல் வேறு சாமான்களை மாற்றி நூற்றுக்கணக்கில் செலவழித்தவர்கள் நம்மிடையே உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். படிப்பு குறைவு என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மரம் வெட்டத் தெரிந்த கைக்கும் குலை அறுக்கத் தெரிந்த கைக்கும் இது பெரிய வித்தை அன்று.

எஞ்சினுக்கும் காய்ச்சல் உண்டு

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். எஞ்சினும் அப்படித்தான். உள்ளே பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அதில் ரசாயன மருந்து கலந்திருப்பதால் கூலன்ட் என்கிறோம். அது எஞ்சினில் சூடேறி, ரேடியேட்டருக்கு வந்து ஆறி, மறுபடியும் உள்ளே போகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் அதிகம் சுடவும் கூடாது, அதிகம் குளிரவும் கூடாது. ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி வரை அதற்கு இதமான சூடு. அதைக் காத்துத் தருவது தெர்மோஸ்டாட் என்னும் சின்னக் கதவு. பல கார்களில் அது 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற விட்டுச் சீக்கிரம் சூடேற்றும்.

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆறிக் கிடக்கும் அடுப்பை மூட்டும்போது கொஞ்சம் கூடுதலாகச் சீமை எண்ணெய் ஊற்றுகிறோம். தணல் ஏறிய பிறகும் யாராவது எண்ணெய் ஊற்றுவார்களா? எஞ்சினும் ஆறியிருக்கும்போது கூடுதல் பெட்ரோல் கேட்கும். சூடேறியபின் குறைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தீர்மானிப்பது காரின் கணினிப் பெட்டி. எஞ்சின் ஆறியிருக்கிறதா, சூடாயிருக்கிறதா என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லும் தூதன்தான் நாம் பேசும் பித்தளைத் துண்டு. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர் என்பது அதன் பெயர்.

மூன்று பேர், மூன்று வேலை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கடைக்குப் போய் 'டெம்பரேச்சர் சென்சர் கொடுங்கள்' என்றால், எது வேண்டும் என்று தவுக்கே திருப்பிக் கேட்பார். ஒரே காரில் மூன்று வகை இருக்கக்கூடும்.

முதலாவது, டேஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளை ஆட்டுவது. பழைய கார்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான் வரும். 1985-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான் இருந்தது. பெட்ரோலைக் கணக்கிடும் கணினி அதில் இல்லாததால் முள்ளுக்கு ஒன்று இருந்தாலே போதுமாயிருந்தது.

இரண்டாவது, கணினிப் பெட்டிக்குச் செய்தி சொல்வது. இதற்கு இரண்டு வயர். 1993-இல் வந்த புரோட்டோன் வீராவின் இன்ஜெக்ஷன் எஞ்சினில் முள்ளுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

மூன்றாவது, ரேடியேட்டர் காற்றாடியை ஓட வைக்கும் சுவிட்ச். பழைய கார்கள் பலவற்றில் இது ரேடியேட்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் இந்த மூன்று வேலையையும் ஒரே சென்சரை வைத்துக் கணினியே கவனித்துக்கொள்கிறது. மைவி, அக்சியா போன்ற புதிய கார்களில் முள்ளும் கிடையாது. ஆறியிருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சுட்டால் சிவப்பு விளக்கு.

ஆகவே முள் ஒழுங்காக நிற்பதால் கணினியின் சென்சரும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. தனித்தனிச் சென்சர் உள்ள காரில் ஒன்று மெய் சொல்லும். மற்றது பொய் சொல்லும்.

கொல்லர் மகன் கண்ட உண்மை

அந்தப் பித்தளைக்குள் என்ன இருக்கிறது? தெர்மிஸ்டர் என்னும் சிறிய மணி ஒன்று. சாதாரண உலோகக் கம்பி சூடேறினால் மின்சாரத்துக்குத் தடை கூடும். இந்த மணி அதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏறத் தடை குறையும். கணினி ஐந்து வோல்ட் மின்சாரத்தை அதன் வழியே அனுப்பி, எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து, எஞ்சினின் சூட்டைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

சூட்டில் தடை குறையும் இந்த அதிசயத்தை 1833-இல் மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடு என்னும் பொருளில் கண்டார். அவர் யார் தெரியுமா? கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே உலகம் போற்றும் விஞ்ஞானியானார். நம் பிள்ளைகளுக்கு இதை மறவாமல் சொல்லுங்கள்.

பொய் சொன்னால் என்ன நடக்கும்?

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் 'இன்னும் ஆறித்தான் இருக்கிறது' என்று சென்சர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது தெரியும் அறிகுறிகள் இவை:

பெட்ரோல் செலவு காரணமின்றிக் கூடும். புகைபோக்கியில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்கும். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும் கார், சூட்டோடு பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடியும் கிளம்ப மறுக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் ஒரு சீராக ஓடாமல் தடுமாறும்.

ஆறிய எஞ்சினைச் 'சூடாயிருக்கிறது' என்று சொன்னால் நிலைமை தலைகீழ். காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கிளம்பிய பின்னும் சூடேறும் வரை இழுவை இருக்காது.

வயர் முழுதும் அறுந்துபோனால் பெரும்பாலும் எஞ்சின் விளக்கு எரியும். சில கார்களில் கணினி ஆபத்தைத் தவிர்க்கக் காற்றாடியை ஓயாமல் ஓட விடும். ஆனால் சென்சர் பாதி மெய்யும் பாதி பொய்யுமாகச் சொன்னால் விளக்கு எரியாமலே இருந்துவிடலாம். அதுதான் ஆளை அலைக்கழிப்பது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் குலை அறுப்பவர். ஒரு பழைய வீரா வைத்திருக்கிறார். மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காகவே வாங்கிய கார். காலையில் ஒரு குறையுமில்லாமல் கிளம்பும். வழியில் மருந்துக்கடையில் சற்று நிறுத்தினால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகாது. நோயாளியை வெயிலில் உட்கார வைத்துவிட்டு ஆள் பிடித்துத் தள்ளுவார்கள். பட்டணத்துப் பட்டறை ஒன்றில் பிளக்கை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள், கடைசியில் பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். மொத்தம் 850 வெள்ளி ஆயிற்று. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டதே, அந்தக் கணக்கில் பார்த்தால் சரியாக அரை மாத உழைப்பு. அப்படியும் கார் சரியாகவில்லை.

தொழிற்கல்லூரியில் படிக்கும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்தான். ஒரு மல்டிமீட்டரை வைத்துச் சென்சரைச் சோதித்தான். கொதிக்கும் சூட்டிலும் அது குளிர்ந்த எஞ்சினின் அளவையே காட்டியது. புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டினான். அன்று முதல் அந்தப் பாட்டியம்மாள் வெயிலில் உட்காரவில்லை. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றினால் யார் செய்தாலும் இப்படித்தான் முடியும்.

எங்கே தேடுவது?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பானட்டைத் திறவுங்கள். ரேடியேட்டரின் மேற்பக்கத்திலிருந்து தடித்த கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினுக்குப் போகும். அதன் மேல் கையை வைத்து அது முடியும் இடம் வரை போங்கள். அங்கே ஓர் அலுமினியக் கூடு இருக்கும். தண்ணீர் எஞ்சினை விட்டு வெளியே வரும் வாசல் அது. பெரும்பாலான கார்களில் சென்சர் அந்தக் கூட்டிலோ அதற்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளோதான் திருகப்பட்டிருக்கும். அறுகோணத் தலை, அதன் மேல் பிளாஸ்டிக் பிளக், பிளக்கில் இரண்டு வயர். இதுதான் அடையாளம். பக்கத்திலேயே ஒற்றை வயரோடு இன்னொன்று நின்றால் அது முள்ளுக்கு உரியது.

காற்று வடிகட்டிப் பெட்டி மறைத்திருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். டார்ச் விளக்கு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

முதலில் சோதனை, பிறகு செலவு

கடைக்கு ஓடுமுன் கண்ணால் பாருங்கள். கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா? சென்சரின் பிளக்கைக் கழற்றினால் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா? வயர் அறுந்திருக்கிறதா? செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. எலி பிடிக்க ஆந்தைக் கூண்டு வைக்கும் தோட்டங்கள் எத்தனை! அந்த எலி இரவில் சூடான எஞ்சின் மேல் ஏறிப் படுத்து வயரையும் கடித்து வைக்கும். அப்படியானால் குறை வயரில், சென்சரில் இல்லை.

அடுத்தது மல்டிமீட்டர். மின்சாமான் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். லயத்துக்கு ஒன்று இருந்தால்கூடப் போதும். காரை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சென்சரின் பிளக்கைக் கழற்றி, சென்சரில் தெரியும் இரண்டு முனைகளிலும் மீட்டரின் இரண்டு கம்பிகளை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். ஜப்பானிய வழியில் வந்த நம் நாட்டுக் கார்கள் பலவற்றுக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும்:

20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை.
80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரை.

நம் நாட்டில் விடியற்காலையிலும் 20 டிகிரிக்கு இறங்குவது அபூர்வம். ஆகவே பிரட்டுக்குப் போகுமுன், இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் 1,500 முதல் 2,500 ஓம் வரை காட்டினால் நல்லது என்று கொள்ளலாம். பிறகு எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, நிறுத்திவிட்டு, கை படாமல் எச்சரிக்கையாக மறுபடியும் அளந்து பாருங்கள். எண் சில நூறுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் சென்சர் கெட்டது. மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. பூச்சியம் காட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டது.

சென்சர் சரியாக இருந்தும் குறை தீரவில்லையா? சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், வயர்ப் பக்கத்துப் பிளக்கில் வோல்ட் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் வயரில் குறை தேடுங்கள்.

பிற்காலக் கார்களில் ஸ்கேனர் பூட்டிப் பார்க்கலாம். பி 0115 முதல் பி 0118 வரை ஏதாவது ஓர் எண் வந்தால், சந்தேகம் இந்தச் சென்சர் மேலோ அதன் வயர் மேலோதான். எண்ணைப் பார்த்தவுடன் சென்சரை வாங்கிவிடாதீர்கள். அறுந்த வயரும் அதே எண்ணைத்தான் காட்டும். ஸ்கேனர் உள்ளவர்களுக்கு இன்னும் ஓர் எளிய வழி உண்டு. விடியற்காலையில் எஞ்சினை ஓட்டுமுன் கூலன்ட் சூட்டையும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

மாற்றும் முறை

முதல் விதி, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருப்பது அந்த அழுத்த அளவுதான். 0.9 அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் கொதிநீரும் நீராவியும் ஒரே நொடியில் சீறும். முகத்தில் பட்டால் கண்ணும் போகும். இரண்டு மூன்று மணி நேரம் ஆற விடுங்கள். மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகித் திறவுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். சுத்தமான பேசின் ஒன்றை அடியில் வைத்து, சென்சர் இருக்கும் மட்டத்துக்குக் கீழே வருமளவு கூலன்டை இறக்குங்கள். முழுதும் இறக்கத் தேவையில்லை.

பிளக்கின் பூட்டை விரலால் அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆழமான சாக்கெட் சாவியைப் போட்டுச் சென்சரைத் திருகி எடுங்கள். பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் சாவி பொருந்தும். சில கார்களில் திருகு இல்லாமல் கவ்வியில் மாட்டியிருக்கும். அதில் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீளம், மரை, பிளக்கின் வடிவம் எல்லாம் ஒத்திருக்கிறதா? புதியதையும் பூட்டுமுன் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மலிவான போலிச் சாமான்கள் கடைகளில் உண்டு.

புதிய வாஷரைப் போட்டு, முதலில் விரலாலேயே திருகுங்கள். மரை நேராகப் பிடித்தபின் சாவியால் அளவாக இறுக்குங்கள். சென்சர் பித்தளை, கூடு அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்; பிறகு கூட்டையே மாற்ற வேண்டும். ஒற்றை வயர் உள்ள முள் சென்சராக இருந்தால் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றாதீர்கள். அதன் மின்சாரம் மரை வழியாகத்தான் எஞ்சினுக்குத் திரும்புகிறது. டேப் தடுத்தால் முள் தவறாகக் காட்டும்.

பிளக்கை மாட்டுங்கள். கூலன்டை நிரப்புங்கள். பேட்டரி வயரைப் பூட்டுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெல்ல ஓட விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் குழாய் சூடாகி, குமிழ் அடங்கியதும் மூடியைப் போட்டு இறுக்குங்கள். பிறகு காற்றாடி ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். காற்று உள்ளே தங்கிவிட்டால் புதிய சென்சரும் பொய்தான் சொல்லும். சற்றுத் தூரம் ஓட்டி, மறுபடியும் ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். சென்சரைச் சுற்றிக் கசிவு உண்டா என்றும் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

இறக்கிய கூலன்டை வாசலில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு உண்டு. அது தித்திப்பாக இருக்கும். நாய் நக்கும், கோழி கொத்தும், குழந்தை விரலை வைத்து வாயில் வைக்கும். சிறுநீரகத்தையே அழித்துவிடும். குடிக்கும் போத்தலில் ஊற்றி வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. களைக்கொல்லியைச் சோடா போத்தலில் வைத்ததால் வந்த துயரங்களைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்தார்கள். ஆனால் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் போனால்தான் நாம் முழுதும் தப்புவோம். கூலன்டை மூடியுள்ள பழைய கூலன்ட் கலனிலேயே ஊற்றி, பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள். பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

'நம் ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் பனிக்கு மட்டும் ஏற்பட்டதன்று. துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். அது சென்சரின் முனையையும் மூடிவிடும். கலந்தே விற்கும் கூலன்டில் மறுபடியும் தண்ணீர் கலக்க வேண்டாம். கெட்டியாக விற்பதை, கலனில் எழுதியுள்ள அளவுப்படி, வாலை வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.

தூதனை மட்டும் குறை சொல்லாதீர்கள்

சிவப்பு விளக்கு எரிந்தாலோ முள் உச்சிக்கு ஏறினாலோ 'சென்சர்தான் கெட்டிருக்கும்' என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எஞ்சின் மெய்யாகவே சுட்டிருக்கலாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். தண்ணீர் ஒழுகியிருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், காற்றாடி நின்றிருக்கலாம், தண்ணீர்ப் பம்பு போயிருக்கலாம். இன்னும் ஒரு மைல்தானே என்று ஓட்டினால் எஞ்சினின் அலுமினியத் தலை வளைந்துவிடும். பிறகு செலவு ஆயிரக்கணக்கில்.

இதைவிட ஏமாற்றுவது ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் காரில் முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சென்சர் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் 'சௌக்கியம்' என்று சொல்லும். அப்போதும் உடனே நிறுத்துங்கள்.

நம் ஊர்ப் போர்மன்களில் சிலர் இரண்டு குறுக்குவழி சொல்வார்கள். வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றி எறிவது ஒன்று. காற்றாடியை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்து எப்போதும் ஓட விடுவது மற்றொன்று. அவசரத்துக்கு வீடு வந்து சேர இவை உதவலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. நல்ல சென்சர் 'ஆறித்தான் இருக்கிறது' என்று மெய்யையே சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். எஞ்சினும் சீக்கிரம் தேயும். பணம் சொட்டுச் சொட்டாகப் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருக்கும்.

பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள்

பழைய சென்சரைத் தூக்கி எறியாதீர்கள். அதை நன்றாகக் கழுவி, பழைய பால் டின்னில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதன் முனையை முக்கி மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம். பிறகு சுடுதண்ணீர். எண் மாறுவதைப் பிள்ளை தானே எழுதட்டும். நல்ல சென்சரானால் ஐஸ் தண்ணீரில் 5,000 ஓமுக்கு மேல் காட்டும். கெட்ட சென்சர் எப்படித் தடுமாறுகிறது என்பதும் பாடம்தான். சுடுதண்ணீரைப் பெரியவர்கள் ஊற்றுங்கள்.

பெண் பிள்ளையையும் அழைத்துக் காட்டுங்கள். மல்டிமீட்டருக்கு ஆண், பெண் என்று தெரியாது. கை வேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளிலும் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் வாகனப் பயிற்சி உண்டு. மலேசியத் திறன் சான்றிதழில் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை படிப்படியாக ஏறி, அதற்கு மேல் டிப்ளோமாவும் பெறலாம். தேர்வில் எண்கள் குறைந்த பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதைவிட, அந்தப் பிள்ளையின் கை எதில் ஓடுகிறது என்று பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, அந்த மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு போய்ச் சென்சர் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள். ஓம் அளவை எடுத்து, தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கார் நலமாக இருக்கும் நாளில் எழுதிய எண், அது நலம் குன்றும் நாளில் உங்களுக்கு வழி சொல்லும். பட்டறைக்குப் போக நேர்ந்தாலும் அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். 'ஐயா, இதை அளந்து பார்த்தீர்களா?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசு வீணாகாமல் இருக்க அந்த ஒரு கேள்வி பெரிதும் உதவும்.